25ஐ நாலால் பெருக்கினால் குழந்தை வராது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பசியாறப் போன இடத்தில் ஒரு தம்பி கேட்டார்: "கரு தங்க மாதம் 25 சதவீத வாய்ப்புன்னு படிச்சேன் அண்ணே. நாலு மாசம் ஆச்சு. நூறு ஆகியிருக்கணுமே?"

வாய்ப்புகளைக் கூட்டக் கூடாது. தவறும் வாய்ப்பைத்தான் மாதாமாதம் பெருக்க வேண்டும். 25 போக தவறும் வாய்ப்பு 75 சதவீதம், அதாவது 0.75. அதை நான்கு முறை பெருக்கினால் ஏறக்குறைய 0.32. நான்கு மாதம் கழித்தும் மூன்றில் ஒரு தம்பதி காத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

சரி, அதே பெருக்கலை ஒரு வருடத்துக்குப் போடலாமா? படித்தவர்களே இங்கேதான் வழுக்குகிறார்கள். பெருக்கினால் தவறுவது 3 சதவீதம், கருத்தரிப்பது 97 சதவீதம் என்று வரும். நடப்பில் ஓராண்டில் கருத்தரிப்பது ஏறக்குறைய 85 சதவீதம்தான். 25 என்பது கூட்டத்தின் சராசரி, உங்கள் வீட்டு எண் அல்ல. பால்மரம் (ரப்பர்) சீவியவர்களைக் கேளுங்கள், ஒரே நிரையில் நிற்கும் மரங்கள் ஒரே அளவா பால் தருகின்றன? எளிதில் தரிப்பவர்கள் முதல் மாதங்களிலேயே கணக்கிலிருந்து வெளியேறிவிடுவார்கள். மிஞ்சியவர்களின் சராசரி இறங்கிக்கொண்டே போகும். 1986இல் வைன்பெர்க், கிளேடன் என்ற புள்ளியியல் ஆய்வாளர்கள் இந்த ஏற்றத்தாழ்வைத்தான், வாய்ப்பு ஆளுக்கு ஆள் மாறும் என்று வைத்துக் கணக்குப் போடும் பீட்டா-ஜியோமெட்ரிக் பரவலைக் கொண்டு கணக்கிட்டார்கள்.

"இவ்வளவு நாள் வரல, அடுத்த மாசம் கட்டாயம்" என்பது நாலு நம்பர் லாட்டரி எடுப்பவர் பேச்சு. குலுக்கலில் போன வார முடிவு எதையும் சொல்லாது. கருத்தரிப்பில் தவறிய மாதங்கள் கொஞ்சம் சொல்லும், ஆனால் நாம் ஆசைப்படுவதற்கு நேர்மாறாக.

அப்புறம், மாதவிடாய் தொடங்கியதிலிருந்து 14ஆம் நாள்தான் கரு தங்கும் என்ற பேச்சு. வில்காக்ஸ் என்ற ஆய்வாளரின் குழு அமெரிக்காவின் வட கரோலினாவில் 221 பெண்களைக் கவனித்து 1995இல் வெளியிட்ட ஆய்வின்படி, கரு தங்கக்கூடியவை ஆறே நாள்கள். கருமுட்டை வெளிவரும் நாளோடு அது முடிகிறது. அந்த ஆறில் முதல் நாளில் வாய்ப்பு 10 சதவீதம், கடைசி நாளில் 33. அதே குழு 2000இல் காட்டியது: இந்த ஆறு நாளும் முழுமையாக மாதவிடாய்ச் சுழற்சியின் 10ஆம் நாளுக்கும் 17ஆம் நாளுக்கும் இடையில் விழுவது ஏறக்குறைய 30 சதவீதப் பெண்களுக்குத்தான். கைப்பேசிச் செயலி நாள்காட்டியை மட்டும் வைத்துச் சொன்னால் அது ஊகமே.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது? பெண்ணுக்கு 35 வயதுக்குள் என்றால் ஓராண்டு முயன்ற பிறகு, அதற்கு மேல் என்றால் ஆறு மாதத்தில். மாதவிடாய் ஒழுங்கில்லை என்றால் காத்திருக்கவே வேண்டாம். மருமகளை மட்டும் கிளினிக்குக்கு அனுப்பும் மாமியார்களுக்கும் ஒரு வார்த்தை: தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. மகனையும் கூட அனுப்புங்கள், விந்துப் பரிசோதனைக்கு ஊசிகூடப் போட மாட்டார்கள்.