ஊசி குத்தும் நேரத்தில் அணைந்த திரை

எங்கள் குழந்தைகள் பிரிவில் இரத்தம் எடுக்கும்போது பிள்ளைகளின் கவனத்தைத் திருப்ப வி.ஆர். கண்ணாடி (கண்ணை மூடி, உள்ளே திரையில் படம் காட்டும் கருவி) மாட்டுகிறோம். 3 நாட்களாக ஒரே தொல்லை: கையில் ரப்பர் பட்டை கட்டியதும் திரை இருண்டது, பிள்ளை வீறிட்டது.

பேட்டரி முழுதாக இருந்தது. செயலியை நீக்கி மறுபடி நிறுவியதும் வீண். கண்ணாடியின் வாரை இறுக்கினேன், அதற்குத் தனி அழுகை. நான் மாட்டினால் மட்டும் ஒரு கோளாறும் இல்லை!

அங்கேதான் பிடி கிடைத்தது. இரு வில்லைகளுக்கு நடுவே முகத்தை உணரும் சிறு உணரி இருக்கிறது. சின்ன முகத்தில் கண்ணாடி சற்று விலகியே நிற்கும். பட்டை இறுகியதும் பிள்ளை சட்டென்று கையை நோக்கிக் குனிகிறது, இடைவெளி கூடுகிறது, யாரும் மாட்டவில்லை என்று கருவி தூங்கிவிடுகிறது.

ஊசி இடத்தில் ஒட்டும் பிளாஸ்திரியில் ஒரு துண்டை உணரிமேல் ஒட்டினேன்; முகம் இருப்பதாகவே கருவி நினைத்துக்கொள்ளும். நேற்று 10 வயதுச் சிறுமிக்குக் இரத்தக் குழாய் நிரம்பும்வரை திரையில் ஆமை நீந்திக்கொண்டே இருந்தது. அப்பாடா! வேலை முடிந்ததும் துண்டை உரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மேசையில் கிடந்தபடியே பேட்டரி தீர்ந்துவிடும்.