லிஃப்ட் மெக்கானிக் சான்றிதழைப் புதுப்பிக்கப் போகிறீர்களா? கலிஃபோர்னியாக்காரர்களுக்கு மட்டும்

முதன்முறை சான்றிதழ் வாங்குவதைப் பற்றி இங்கே நீட்டி எழுதப் போவதில்லை. அங்கீகாரம் பெற்ற அப்ரண்டிஸ் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் மூன்று வருட அனுபவத்துக்கு வேலை கொடுத்தவர்களிடம் அத்தாட்சி வாங்கி, எழுத்துத் தேர்வில் தேற வேண்டும். விண்ணப்பம் கால்-ஓஷாவுக்கு (Cal/OSHA, கலிஃபோர்னியாவின் பணியிடப் பாதுகாப்புத் துறை) போகும். இதில் பெரிதாகக் குழப்பம் வராது.

குழப்பமெல்லாம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போதுதான்.

முதலில் சான்றிதழை எடுத்து, எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். எனக்கு 2024 அக்டோபர் 20.

அடுத்தது புதுப்பிக்கத் தேவையான தொடர்கல்வி வகுப்பு, குறைந்தது 8 மணி நேரம். நான் சறுக்கியது இங்கேதான். கடைசி நேரத்தில் அலைய வேண்டாமே என்று 2023 செப்டம்பர் 23, சனிக்கிழமையே உட்கார்ந்து முடித்துவிட்டேன். ஆனால் புதுப்பிக்கும் தேதிக்கு முந்தைய ஓராண்டுக்குள் முடித்த வகுப்புதான் செல்லும். 27 நாள் முந்திக்கொண்டதில் பணமும் போச்சு, சனிக்கிழமையும் போச்சு. மறுபடி முதலிலிருந்து உட்கார்ந்தேன். அதனால் காலண்டரில் இரண்டு தேதிகளை வட்டமிடுங்கள்: சான்றிதழ் முடியும் நாள், அதற்குச் சரியாக ஒரு வருடம் முந்தைய நாள். வகுப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன், வகுப்பு நடத்துபவருக்குக் கால்-ஓஷாவின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். என் ஓட்டு நேர் வகுப்புக்குத்தான். டோர் லாக் சர்க்யூட்டை (கதவு பூட்டியிருந்தால்தான் லிஃப்டை ஓடவிடும் மின்சுற்று) பலகையில் வரைந்திருக்கும்போது, "இங்கே போட்ட ஜம்பரை எடுக்க மறந்துட்டா?" என்று, சோதனைக்காக அந்தச் சுற்றைத் தாண்டிப் போடும் தற்காலிக வயரைப் பற்றிப் பின்வரிசையில் ஒருவர் கேட்பார். அரை மணி நேரம் அதிலேயே ஓடும். வீடியோவில் அது வராது.

அப்புறம் வகுப்புச் சான்றின் நகல். போனில் எடுத்த படத்தில் ஓரம் வெட்டுப்பட்டு, தேதி பாதிதான் தெரிந்தது. நூலகத்து ஸ்கேனரே மேல். விண்ணப்பத்தோடு வகுப்பை முடித்ததற்கான சான்றும் போக வேண்டும்.

பின்சேர்க்கை: வகுப்புச் சான்று தொலைந்துவிட்டது என்று ஒருவர் கேட்டிருந்தார். வருகைப் பதிவுகளை வகுப்பு நடத்தியவர்கள் 10 வருடம் வைத்திருக்க வேண்டும். அவர்களிடமே கேளுங்கள். உடம்பு முடியாமல் வகுப்பு தவறிப்போனால் தற்காலிக விலக்குக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவரின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.