அனலாக் டிலே பெடல்: மந்தமாகக் கேட்கிறது என்று கை வைக்குமுன்

அனலாக் டிலே என்பது நீங்கள் வாசித்ததைச் சற்றுத் தாமதித்து எதிரொலியாக ('ரிப்பீட்') திருப்பித் தரும் கால்பெடல். அதை வாங்கிய முதல் வாரத்தில் கிட்டார்காரர்கள் பலரும் சொல்வது ஒன்றுதான்: "ரிப்பீட் எல்லாம் மந்தமா கேக்குது, பெடல்ல ஏதோ கோளாறு." கோளாறு ஒன்றும் இல்லை. அந்த மந்தத்துக்குத்தான் காசு கொடுத்திருக்கிறார்கள். அதைச் சரிசெய்யக் கிளம்புவதில் இருந்துதான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன.

உள்ளே இருப்பது 'பக்கெட் பிரிகேட்' வகைச் சிப். 1969இல் ஃபிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. வீட்டுக்குக் காங்கிரீட் போடும் நாளைப் பார்த்திருப்பீர்கள். ஆட்கள் வரிசையாக நின்று சாந்துச் சட்டியைக் கைமாற்றி மேலே அனுப்புவார்கள். சிப்பில் ஆட்களுக்குப் பதில் குட்டிக் குட்டி மின்தேக்கிகள், சாந்துக்குப் பதில் கிட்டாரின் மின்னழுத்தம். கைமாற்றும் வேகம் குறைந்தால் சட்டி மேலே போய்ச் சேர நேரமாகும். அந்த நேரம்தான் டிலே.

டைம் குமிழைத் திருப்பும்போது நீங்கள் மாற்றுவது இந்த வேகத்தைத்தான். பழைய பெடல்களில் பேர்போன எம்என்3005 சிப்பில் 4096 கட்டங்கள் உண்டு. ஒரு கடிகாரத் துடிப்புக்கு இரண்டு கட்டம் நகரும். 300 மில்லி விநாடி தாமதம் வேண்டுமென்றால் கடிகாரம் விநாடிக்குச் சுமார் 6,800 தடவைதான் துடிக்கலாம். அதில் பாதிக்கு மேல், அதாவது 3,400 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலியை அந்த வேகத்தில் கடத்தினால் சம்பந்தமில்லாத ஓசையாக உருமாறி வரும். அதனால் அதற்கும் கீழேயே ஃபில்டர் வைத்து வெட்டிவிடுகிறார்கள். கிட்டாரின் மெல்லிய கம்பியில் 22ஆம் ஃப்ரெட்டில் வரும் மேல் சுரமே 1,175 ஹெர்ட்ஸ்தான், ஆகவே சுரம் எதுவும் தொலைவதில்லை. தொலைவது மீட்டும் வில்லை (பிக்) கம்பியில் படும் 'டிக்', அப்புறம் மேலே இருக்கும் மினுமினுப்பு. அது போவதால்தான் ரிப்பீட் பின்னால் ஒதுங்கி நிற்கிறது, நீங்கள் அடுத்து வாசிப்பதை மறிப்பதில்லை. ரிப்பீட்டைத் திரும்ப உள்ளே அனுப்பும் ஃபீட்பேக் குமிழைக் கூட்டினால் அதே ஒலி மறுபடி மறுபடி அந்த ஃபில்டருக்குள் போய் வரும், ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் கொஞ்சம் மங்கும்.

இது தெரியாமல் ஆம்பில் (ஒலிபெருக்கியில்) ட்ரெபிளை, அதாவது மேல் ஓசையைக் கூட்டுகிறார்கள். வெட்டிப் போட்டதை ஆம்ப் எங்கிருந்து கொண்டுவரும்? ரிப்பீட் தெளிவாகாது. நேரடி ஒலிதான் காதைக் கிழிக்கும். ஏனென்றால் பெரும்பாலான பெடல்களில் நேரடி ஒலி சிப்புக்குள் போவதே இல்லை, தனி வழியில் வந்து கடைசியில்தான் ரிப்பீட்டோடு கலக்கிறது. 'அனலாக் டிலே போட்டதும் என் டோன் முழுக்க இதமாகிவிட்டது' என்பதையும் இதனால்தான் நான் அவ்வளவாக நம்புவதில்லை.

ரிப்பீட் எவ்வளவு பலமாகக் கேட்க வேண்டும் என்பதை வைக்கும் மிக்ஸ் குமிழ் விஷயத்தில் நானே மாட்டியிருக்கிறேன். ராத்திரி அறையில் தனியாக உட்கார்ந்து, பாதிக்கு மேல் திருப்பி வைத்து, சொக்கிப் போய் வாசித்த அதே செட்டிங்கை ஒத்திகைக்குக் கொண்டுபோனேன். இரண்டாவது பாட்டில் டிரம்ஸ் தம்பி குச்சியைக் கீழே வைத்துவிட்டான். "அண்ணே, இதுல எது நீங்க வாசிக்கிறது, எது எக்கோ?" மேல் ஓசை போன ரிப்பீட், கீபோர்டின் இடது கையும் பாடகரின் கீழ்க்குரலும் இருக்கும் இடத்திலேயே வந்து குந்திக்கொள்கிறது. குழுவோடு வாசிக்கும்போது, ரிப்பீட் நின்றால்தான் அது இருந்தது தெரிய வேண்டும், அந்த அளவு போதும்.

பெடல் வரிசை: டிலேவுக்குப் பின்னால், ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை வைத்தால் டிஸ்டார்ஷன் எல்லாவற்றையும் நசுக்கி ஒரே உயரமாக்கும். தேய்ந்து மறைய வேண்டிய ரிப்பீட் நேரடி ஒலிக்குச் சமமாக எழுந்து நிற்கும். வேண்டுமென்றே அந்தக் குழப்பத்தை விரும்புகிறவர்கள் உண்டு, அது வேறு. டிஸ்டார்ஷன் ஆம்பிலேயே இருந்தால் எஃபெக்ட்ஸ் லூப்பில் (ஆம்பின் டிஸ்டார்ஷனுக்குப் பிறகு பெடலைச் செருகும் இடம்) போடலாம். ஆனால் சில ஆம்ப்களின் லூப்பில் சிக்னல் பலமாக வரும், சிப் தாங்காமல் கரகரக்கும். லூப்பில் அளவைக் குறைக்க வழி இருந்தால் குறைத்துப் பாருங்கள்.

வாங்குமுன் ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். 60,000ஐ பாட்டின் பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை தாளம் என்ற எண்) வகுத்தால் ஒரு தாளத்துக்கு எத்தனை மில்லி விநாடி என்று வரும். 120 பிபிஎம்முக்கு 500. முக்கால் தாளத்தில் ரிப்பீட் விழ வேண்டுமென்றால் 375. 1981இல் வந்த பாஸ் டிஎம்-2 பெடல் 300ஐத் தாண்டாது, எம்எக்ஸ்ஆர் கார்பன் காப்பி 600 வரை போகும். பழைய ராக்கபில்லி (ஆரம்பகால ராக் அண்ட் ரோல்) பாணியில் 100 சொச்சம் மில்லி விநாடியில் ஒற்றை அடி மட்டும் போதும் என்பவருக்கு இந்தக் கவலையே இல்லை.

விலை மலிவான 'அனலாக் டிலே' என்றால் உள்ளே என்ன சிப் என்று கேளுங்கள். பிடி2399 என்றால் அது டிஜிட்டல் சிப். மங்கலாகக் கேட்பதால் அனலாக் என்று ஒட்டிவிடுகிறார்கள். ஒலி மோசமில்லை, பேர்தான் தப்பு.

அடாப்டரில் வோல்ட்டையும் துருவத்தையும் பார்க்காமல் செருகாதீர்கள். பெரும்பாலானவை 9 வோல்ட், ஆனால் டீலக்ஸ் மெமரி மேன் என்ற டிலே பெடலில் 24 வோல்ட் கேட்கும் பதிப்பும் உண்டு. டிஜிட்டல் பெடல்களோடு ஒரே மின்கம்பியைப் பகிர்ந்தால் கீச்சென்று ஓர் ஓசை ஒட்டிக்கொள்ளலாம்.

கடைசியாக, பின்மூடியைத் திறந்தால் தெரியும் அந்தக் குட்டித் திருகுகள். சில பெடல்களில் அவற்றில் ஒன்றிரண்டு மாடுலேஷனுக்கு (ரிப்பீட்டை லேசாக அலையவிடுவதற்கு), தொடலாம். மற்றவை சிப்புக்கு வேண்டிய மின்னழுத்தத்தையும் கடிகாரத்தையும் நிர்ணயிப்பவை. "கொஞ்சம் பளிச்சுனு ஆகட்டும்" என்று ஒன்றை நான் கால் சுற்று திருப்பினேன், ரிப்பீட் மொத்தமாக நின்றுபோனது. பழைய இடத்தைத் தேடிப் பிடிக்க மூன்று மாலை ஆயிற்று. திருப்புமுன் போனில் ஒரு படம் எடுத்து வைத்திருக்கலாம்.