மிஷன் மருத்துவமனைக்குச் செல்லும் தன்னார்வ மருத்துவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிழக்கு ஆப்பிரிக்காவின் கத்தோலிக்க மிஷன் மருத்துவமனைகளுக்குப் புதிதாக வரும் மருத்துவர்கள், எங்கள் தலைமுறையினர் செய்து முடித்த தவறுகளையே மீண்டும் செய்வதைப் பார்த்துப் பார்த்து இதை எழுதுகிறேன். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, விசா போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. மறந்தால் விமான நிலையமே நினைவூட்டிவிடும்.

ஊர் திரும்பும் வாரத்தில் அறுவை சிகிச்சை

இந்த ஒன்றை மட்டும் என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. நாள்கணக்கில் நீண்ட பிரசவத்தில் சிசுவின் தலை அழுத்தி, சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் இடையே துளை விழுந்த பெண்கள், ஞாயிறு திருப்பலி முடிவில் வாசிக்கப்படும் முகாம் அறிவிப்பைக் கேட்டு வெகுதொலைவிலிருந்து வருகிறார்கள். அந்த ஃபிஸ்டுலாவைத் தைத்து மூடுவது பாதி வேலைதான். எளிய ஃபிஸ்டுலாவுக்கே சிறுநீர் வடிகுழாய் 7 முதல் 10 நாள் வரை இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரை. அத்தனை நாளும் அது அடைபடாமல் வடிய வேண்டும்.

உகாண்டாவில் ஒரு மருத்துவமனைக்கு வந்திருந்த அறுவை நிபுணர், பட்டியலை முடித்துவிடும் வேகத்தில் வெள்ளிக்கிழமை மாலை வரை தைத்துவிட்டு, மறுநாள் காலை விமானம் ஏறிவிட்டார். அன்றிரவு இரண்டு வார்டுகளுக்கும் சேர்த்து ஒரே செவிலியர். ஒரு பெண்ணின் வடிகுழாயில் இரத்தக்கட்டி அடைத்துக்கொண்டது. பையில் சிறுநீர் ஏறவில்லை என்பது விடியும்போதுதான் கண்ணில் பட்டது. அதற்குள் சிறுநீர்ப்பை விம்மித் தையல் பிரிந்து, படுக்கை நனைந்துவிட்டது. முதல் அறுவையில் துளை மூடுவதற்கு இருக்கும் வாய்ப்பு, வடுப்பட்ட திசுவில் செய்யும் அடுத்த அறுவையில் இருப்பதில்லை. நிபுணரின் அறிக்கையிலோ அப்பெண் வெற்றிக் கணக்கில் இருந்தார். செவிலியரைக் குறை கூறியவர்களும் உண்டு. எத்தனை மணிக்கொரு முறை பார்க்க வேண்டும், அடைத்தால் எப்படிக் கழுவ வேண்டும் என்று அவருக்கு எழுதிக் கொடுத்தவர் யார்?

புறப்படுவதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் இத்தகைய அறுவையை ஏற்காதீர்கள். இரவுப் பணிக்கு எத்தனை பேர் என்பது மேட்ரன் அருட்சகோதரிக்குத்தான் தெரியும். அவர் போதும் என்றால் அன்றைய பட்டியல் அத்துடன் முடிந்தது.

குழந்தைகளுக்கு அவசரமாகத் திரவம் ஏற்றுதல்

கடும் காய்ச்சலுடன் கைகால் சில்லிட்டு வரும் குழந்தையைக் கண்டதும், படித்த பழக்கத்தில் கை சலைன் புட்டியை நோக்கிப் போகும். உகாண்டா, கென்யா, தான்சானியா ஆகிய நாடுகளில் இத்தகைய 3,141 குழந்தைகளிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், குறுகிய நேரத்தில் ஒரேயடியாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களில் சுமார் 10.5 விழுக்காட்டினரும், அவ்வாறு ஏற்றப்படாதவர்களில் 7.3 விழுக்காட்டினரும் 48 மணி நேரத்திற்குள் இறந்தனர். வயிற்றுப்போக்கால் நீரிழந்த குழந்தைகள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கான சிகிச்சை வேறு.

கிளினிக்கல் ஆபீசர்களை ஓரங்கட்டுதல்

கிளினிக்கல் ஆபீசர்கள் மருத்துவர் பட்டம் பெறாமல், சிகிச்சையளிக்கத் தனிப்பயிற்சி பெற்றவர்கள். மலாவியின் மாவட்ட மருத்துவமனைகளில் சிசேரியன்களில் பெரும்பாலானவற்றைச் செய்பவர்கள் அவர்கள்தாம். முதல் வாரம் அவர்களுக்கு உதவியாளராக நில்லுங்கள்.

கருத்தடை பற்றி வார்டில் வாதிடுதல்

திருச்சபையின் நிலைப்பாடு உங்களுக்கு ஒவ்வாததென்றால், ஊரிலிருந்து புறப்படும் முன்பே மறைமாவட்ட மருத்துவப் பொறுப்பாளரிடம் பேசி முடித்துவிடுங்கள்.

காலாவதியை நெருங்கிய மருந்துகள்

ஓராண்டு ஆயுளாவது மிச்சமில்லாத மருந்துகளைக் கொண்டுவராதீர்கள். அவற்றை எரிப்பதற்கான டீசலையும் மருத்துவமனைதான் வாங்க வேண்டியிருக்கிறது.