தோரோவையும் எமர்சனையும் வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹென்றி டேவிட் தோரோ என்றால் காடு, குளம், குடிசை. ரால்ஃப் வால்டோ எமர்சன் என்றால் தன்னம்பிக்கை வாசகம். அமெரிக்காவின் ட்ரான்ஸென்டென்டலிசம் நம்மில் பலருக்கு இந்த அளவில்தான் வந்து சேர்ந்திருக்கிறது. 1830களிலும் 40களிலும் பாஸ்டன் நகரத்தையும், பக்கத்திலிருக்கும் கான்கார்ட் என்ற சிற்றூரையும் சுற்றி உருவான சிந்தனை இது. புலன்கள் தரும் தகவலையும் தேவாலயம் சொல்லித்தரும் கோட்பாட்டையும் தாண்டி, உண்மையை நேரடியாக உணரும் திறன் ஒவ்வொருவருக்குள்ளும் இருக்கிறது. அந்தத் திறன் விழித்துக்கொள்ளும் முக்கியமான இடம் இயற்கை. சுருக்கமாகச் சொன்னால் இதுதான்.

இதைத் தப்பாகப் புரிந்துகொள்ளப் பல வழிகள் உண்டு. பெரும்பாலானவை ஒரே நினைப்பிலிருந்து கிளம்புகின்றன: மனிதர்களிடமிருந்து தப்பித்து ஒதுங்கிக்கொள்வதற்காகவே இவர்கள் இயற்கையைத் தேடிப் போனார்கள் என்ற நினைப்பு.

முதலில் தோரோவைத் துறவியாக்கும் தவறு. கான்கார்டை அடுத்த வால்டன் குளக்கரையில் அவர் 1845 ஜூலை 4 முதல் 1847 செப்டம்பர் 6 வரை இருந்தார். அந்த வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய நூல்தான் 'வால்டன்'. நிலம் எமர்சனுடையது. வீடு பதினைந்தடி நீளம், பத்தடி அகலம். மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட். பலகைகளுக்காக, ரயில்பாதையில் வேலை செய்த ஓர் ஐரிஷ் தொழிலாளியின் குடிசையை 4 டாலர் 25 சென்ட்டுக்கு வாங்கிப் பிரித்துக் கொண்டுவந்தார். ஆணிக்கு எவ்வளவு, சுண்ணாம்புக்கு எவ்வளவு, கீலுக்கு எவ்வளவு என்று அவரே பட்டியல் போட்டிருக்கிறார். இரண்டரை ஏக்கரில் பெரும்பாலும் பீன்ஸ் பயிரிட்டு, செலவு போக 8 டாலர் 71½ சென்ட் மிஞ்சியதையும் எழுதி வைத்தார். ஒரு மனிதர் வாழ எவ்வளவு வேண்டும், அதற்காக வாழ்நாளில் எத்தனை பங்கை விற்க வேண்டியிருக்கிறது என்ற கேள்விக்கு அவர் போட்ட கணக்கு இது. உலகத்தைத் துறந்து போனவருக்கு இந்தக் கணக்கு எதற்கு?

அந்த இடமும் அடர்காடு இல்லை. ஃபிட்ச்பர்க் ரயில்பாதை குளத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு போனது. வீட்டிலிருந்து சுமார் அரை கிலோமீட்டர்தான். கிராமத்துக்குப் போக அவர் நடந்த வழியே அந்தத் தண்டவாள மேடுதான். வீட்டில் மூன்று நாற்காலிகள்: தனிமைக்கு ஒன்று, நட்புக்கு இரண்டு, கூட்டத்துக்கு மூன்று. கூட்டம் வரவும் செய்தது. 1846 ஆகஸ்ட் 1 அன்று, பிரிட்டனின் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விடுதலையானதைக் கொண்டாடும் ஆண்டுக்கூட்டத்தை கான்கார்டின் அடிமைமுறை எதிர்ப்புப் பெண்கள் சங்கம் அந்தக் குடிசை வாசலில் நடத்தியது. தோரோவின் அம்மாவும் சகோதரிகளும் அந்தச் சங்கத்தில் இருந்தவர்கள். இந்தச் செய்தியைத் தெரிந்துகொண்ட பிறகு குளக்கரைக் குடிசை என்ற படமே என் மனதில் மாறிவிட்டது.

நமக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் அங்கே உண்டு. 1846–47 குளிர்காலத்தில் நூறு தொழிலாளிகள் வந்து வால்டன் குளத்தின் பனிக்கட்டியை அறுத்து எடுத்தார்கள். சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடுகிறவர்கள் தன் கிணறான இந்தக் குளத்தின் தண்ணீரைக் குடிக்கப் போகிறார்கள் என்று தோரோ எழுதினார். வெறும் கற்பனை என்று தள்ள முடியாது. பாஸ்டன் பகுதிக் குளங்களின் பனிக்கட்டியைக் கப்பலேற்றி விற்ற ஃப்ரெடரிக் டியூடரின் கிடங்குதான், மெரினா கடற்கரைக்கு எதிரே 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ். இன்று அது விவேகானந்தர் இல்லம். அந்தக் குளிர்காலத்தில் வால்டனில் அடுக்கி வைத்ததில் பெரும்பகுதி எங்கும் போகாமல் அங்கேயே உருகிக் குளத்துக்குத் திரும்பிவிட்டதையும் தோரோ குறித்திருக்கிறார். தான் உட்கார்ந்திருந்த கரை உலகச் சந்தையோடு இணைந்திருப்பதை அவர் மறைக்கவில்லை. உற்றுப் பார்த்து எழுதினார்.

இதற்கு நேர் எதிரான தவறு இப்போது அதிகம் புழங்குகிறது. "அம்மா துணி துவைத்துக் கொடுத்தார், வாராவாரம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார், அப்புறம் என்ன தனிமை?" என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவது. ஓரிரு நாளுக்கு ஒருமுறை கிராமத்துக்குப் போய் ஊர்ப்பேச்சு கேட்டேன் என்று அவரே எழுதியிருக்கிறார். அவர் எங்கும் கோராத ஒன்றை அவர் தலையில் கட்டி, அதை நிறைவேற்றவில்லை என்று குற்றம் சாட்டுவதில் நியாயம் இல்லை. வீட்டுவேலையில் பெண்களின் உழைப்பு அவருடைய கணக்கில் ஏறவில்லை என்பது வேறு விமர்சனம். அது சரியான விமர்சனம்தான், வைக்கவும் வேண்டும்.

எமர்சனையும் தோரோவையும் ஒரே குரலாக எடுத்துக்கொள்வது மூன்றாவது தவறு. 1836இல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளியான எமர்சனின் முதல் நூலுக்கு 'இயற்கை' என்றே பெயர். ஆனால் செடியையோ பறவையையோ தேடி அதற்குள் போகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். அவருக்கு இயற்கை ஒரு மொழி மாதிரி; ஒவ்வொரு பொருளும் ஆன்மிக உண்மை ஒன்றின் அடையாளம். தத்துவக் கணக்கில் 'நான்' தவிர மற்றதெல்லாம், என் உடல் உட்பட, இயற்கை என்கிறார். மனிதனுக்குப் பணி செய்யவே இயற்கை இருக்கிறது என்று சொல்லவும் அவர் தயங்கவில்லை. இன்றைய சூழலியல் பார்வையோடு இதைப் பொருத்துவது எளிதல்ல.

தோரோ அந்தப் பள்ளியில்தான் தொடங்கினார். ஆனால் அவர் தொழிலால் நில அளவையாளர். வால்டன் குளத்துக்கு அடியே கிடையாது என்று ஊரில் பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1846 தொடக்கத்தில், பனி உடைவதற்கு முன்பே, திசைகாட்டியும் சங்கிலியும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். மீன்பிடிக் கயிறு ஒன்றில் சுமார் ஒன்றரை பவுண்டு கல்லைக் கட்டி இறக்கினார். கல் தரையை விட்டு எழும்பும் நொடியைக் கையாலேயே உணர முடிந்தது. அதுவரை சற்றுக் கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கும், பிறகு தண்ணீர் அடியில் புகுந்து கல்லைத் தூக்கிக்கொடுக்கும். மிக ஆழமான இடம் 102 அடி. அளந்து முடித்த பிறகுதான், ஒரு குறியீடாக விளங்கும்படி இந்தக் குளம் ஆழமாகவும் தூய்மையாகவும் படைக்கப்பட்டதற்கு நன்றி என்கிறார். அவரிடம் அளவு முன்னால் வரும், உருவகம் அதன் மேல் எழும். எமர்சனிடம் பெரும்பாலும் உருவகமே முன்னால் நிற்கும். இந்த வரிசை வேறுபாட்டைக் கவனித்தால் இருவரையும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

இயற்கை எப்போதும் ஆறுதல் தரும் தாய், அவ்வளவுதான் இவர்கள் செய்தி என்று எடுத்துக்கொள்வது இன்னொன்று. நானாக இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் இந்தத் தவறைத்தான் திருத்துவேன். எமர்சனின் நூலில் எல்லோரும் மேற்கோள் காட்டும் பத்தி ஒன்று உண்டு: தான் என்பது மறைந்து, எல்லாவற்றையும் காணும் ஒளி ஊடுருவும் விழியாகிவிட்டேன் என்பார். அதற்குச் சற்று முன்னால் அவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். மலையுச்சியிலும் இல்லை, அருவிக்கரையிலும் இல்லை. அந்தி நேரம், மேகம் மூடிய வானம், உருகிய பனி சேறாகத் தேங்கிய ஒரு வெற்றுப் பொதுவெளி. காரணமே இல்லாமல் மகிழ்ச்சி பொங்குகிறது, அதுவும் அச்சத்தின் விளிம்புவரை. இன்னும் முக்கியமானது அதே அத்தியாயத்தின் கடைசி. இந்த மகிழ்ச்சியைத் தரும் ஆற்றல் இயற்கையிடம் இல்லை, மனிதனிடமோ இரண்டின் இசைவிலோதான் இருக்கிறது என்கிறார். நெருங்கியவரை இழந்தவருக்கு நிலக்காட்சியின் மேல் ஒருவித வெறுப்பே வரும் என்கிறார். நூல் வந்த அதே 1836இல், மே மாதம், அவருடைய தம்பி சார்ல்ஸ் இறந்துபோனார். ஐந்தாண்டுக்கு முன் முதல் மனைவி எலன் பத்தொன்பது வயதில் போயிருந்தார். விழியைப் பற்றிய வரியை மட்டும் வெட்டியெடுத்து ஒட்டினால் இந்தத் துக்கம் முழுதும் காணாமல் போய்விடும்.

தோரோவிடம் இது இன்னும் கடுமையாக வரும். வால்டனில் இருந்த காலத்திலேயே, 1846 செப்டம்பரில், மெய்ன் மாநிலத்தின் கத்தாடின் மலையில் ஏறினார். மேகமும் காற்றும் பாறையும்தான் அங்கே. உன் கால்களுக்காக நான் இந்த மண்ணைப் படைக்கவில்லை, இங்கே உன்னிடம் இரக்கம் காட்டவோ உன்னைக் கொஞ்சவோ என்னால் முடியாது என்று இயற்கை சொல்வதாக எழுதினார். இறங்கும் வழியில் தன் உடலே தனக்கு அந்நியமாகத் தெரிகிறது. நாம் யார், எங்கே இருக்கிறோம் என்று கேட்டுக்கொள்கிறார். குளக்கரை வரிகளையும் இந்த வரிகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால்தான் இயற்கையோடு அவருக்கிருந்த உறவின் அகலம் பிடிபடும்.

சரி, 'தற்சார்பு'. எமர்சனின் 1841 கட்டுரையை, யாரையும் மதிக்காமல் உன் வழியில் போ என்ற வெற்றி மந்திரமாகப் படிக்கும் வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அவர் நம்பச் சொன்ன 'தான்' என்பது நம் விருப்புவெறுப்புகளின் மூட்டை கிடையாது. அதே தொகுப்பில், எல்லா உயிர்களுக்கும் பொதுவான பேரான்மா பற்றித் தனிக் கட்டுரை இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். அவருக்கு இது வாயளவுப் பேச்சும் இல்லை. 1832இல், மனச்சாட்சிக்கு ஒவ்வாத சடங்கை நடத்த மாட்டேன் என்று பாஸ்டன் தேவாலயப் போதகர் பதவியை விட்டார். 1838இல், செரோக்கி என்ற பூர்வகுடி மக்களை அவர்கள் மண்ணிலிருந்து விரட்டுவதைக் கண்டித்து ஜனாதிபதிக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். ஆனாலும் அந்தக் கட்டுரையில், ஏழைகளுக்கு உதவச் சொல்பவரிடம் "அவர்கள் என் ஏழைகளா?" என்று கேட்கும் இடம் இன்றும் உறுத்துகிறது. அதற்குச் சப்பைக்கட்டு கட்ட வேண்டியதில்லை.

"எல்லாம் நம்ம உபநிஷத்திலிருந்து எடுத்ததுதானே" என்பது இந்திய வாசகர்களாகிய நாம் செய்யும் தவறு. எமர்சனின் 1836 நூலுக்கு உரமிட்டவை திரித்துவத்தை ஏற்காத யூனிட்டேரியன் கிறிஸ்தவம், பிளேட்டோ, ஸ்வீடன் நாட்டு ஆன்மிகச் சிந்தனையாளர் ஸ்வீடன்போர்க், ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் வழியாக வந்த ஜெர்மன் தத்துவம். கீதை அவர் கைக்கு வந்ததே 1845இல்தான். அதன் பிறகு தாக்கம் ஆழமானது என்பது உண்மை. 1857இல் 'பிரம்மா' என்று கவிதையே வெளியிட்டார். தோரோவும் காலையில் கீதையில் தன் அறிவைக் குளிப்பாட்டுவதாக எழுதியவர். ஆனால் அவர் பணிந்து ஏற்றுக்கொண்ட வாசகர் இல்லை. 1849இல் வந்த தன் முதல் நூலில், அர்ஜுனன் ஏன் போரிட வேண்டும் என்பதற்குப் போதிய காரணம் தரப்படவில்லை, அர்ஜுனன் சமாதானமாகியிருக்கலாம், வாசகர் ஆகவில்லை என்று கிருஷ்ணனோடு வாதாடுகிறார். மதிப்போடு கூடிய இந்த வாதத்தைப் பார்க்காமல் நம் பெருமையை மட்டும் பார்த்தால், அவர் உண்மையில் எவ்வளவு கவனமாக நம் நூலைப் படித்தார் என்பதையே தவறவிடுவோம்.

மார்கரெட் ஃபுல்லரை விட்டுவிட்டுப் பேசுவதும் தவறுதான். இந்தக் குழுவின் 'டயல்' இதழுக்கு முதல் ஆசிரியர் அவர். பெண்களுக்கும் உள்ளிருந்து வளரும் உரிமை உண்டு என்று 1845இல் நூலாக எழுதினார். 1850இல், நாற்பது வயதில், கப்பல் விபத்தில் இறந்தார்.

இயற்கையையும் அரசியலையும் தனித்தனி அலமாரியில் வைப்பதுதான் எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு. தலைவரி கட்ட மறுத்து தோரோ சிறையில் ஓர் இரவு இருந்தது 1846 ஜூலையில், குளக்கரை வாழ்க்கையின் நடுவில். செருப்புத் தைக்கும் கடைக்குப் போன வழியில் பிடித்தார்கள். மறுநாள் விடுதலையாகி, தைத்த செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு, அரை மணி நேரத்தில் காட்டுப்பழம் பறிக்கும் கூட்டத்தோடு மலைமேல் இருந்தார். அங்கே அரசு கண்ணில் படவே இல்லை என்று எழுதினார். அதை மட்டும் படித்தால் தப்பித்தல் மாதிரித் தெரியும். எட்டு ஆண்டு கழித்து அதே மனிதர் சொன்னதையும் படியுங்கள். தப்பி வந்த அந்தோணி பர்ன்ஸை பாஸ்டனில் பிடித்து மீண்டும் அடிமையாக வர்ஜீனியாவுக்கு அனுப்பிய கோடையில், 1854 ஜூலை 4 அன்று, ஃப்ரேமிங்ஹாம் ஊரில் நடந்த அடிமைமுறை எதிர்ப்புக் கூட்டத்தில் தோரோ பேசினார். குளத்தை நோக்கி நடக்கிறேன், மனிதர்கள் இழிந்திருக்கும்போது இயற்கையின் அழகால் என்ன பயன் என்று கேட்டார். நாட்டின் நினைவே தன் நடையைக் கெடுத்துவிடுகிறது என்றார். பிறகு சேற்றிலிருந்து வெள்ளையாய் எழும் ஆம்பல் பூவைக் காட்டி, நம்பிக்கை இழக்கத் தேவையில்லை என்று முடித்தார். வால்டன் நூல் வெளியானது அதற்குச் சுமார் ஐந்து வாரம் கழித்து, ஆகஸ்ட் 9 அன்று. இரண்டையும் எழுதியது ஒரே கை.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: மேற்கோள் தொகுப்புகளை ஒதுக்கிவிடுங்கள். அடிக்கடி சிரிப்பதுதான் வெற்றி என்று தொடங்கும் பிரபலமான வரிகள் எமர்சன் எழுதியவையே இல்லை. அவருடைய 1836 நூலின் முதல் அத்தியாயத்தை மட்டும் முழுதாகப் படியுங்கள், சில பக்கம்தான். பிறகு வால்டன் நூலில் 'குளிர்காலக் குளம்' அத்தியாயம், கத்தாடின் கட்டுரை, ஃப்ரேமிங்ஹாம் உரை. பிடித்துப்போனால் தோரோவின் நாட்குறிப்புக்குள் போகலாம். 1850களில் கான்கார்டில் எந்தச் செடி எந்தத் தேதியில் பூத்தது என்று அதில் ஆண்டுக்கணக்காகக் குறித்திருக்கிறார். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ப்ரைமேக்கும் அவரோடு வேலை செய்தவர்களும் அந்தத் தேதிகளை இன்றைய தேதிகளோடு ஒப்பிட்டு, வெப்பம் கூடியதால் பல செடிகள் முன்கூட்டியே பூப்பதையும், தோரோ பார்த்த சில செடிகள் அங்கே இப்போது இல்லாமலே போனதையும் காட்டியிருக்கிறார்கள்.