பெரிபல்பார் ஊசி (கண்விழியைச் சுற்றிப் போடும் மரப்பு ஊசி): முதலாண்டு பி.ஜி. (மருத்துவ மேற்படிப்பு) மாணவருக்குச் சொல்லித்தரும் முறை

கண்புரை அறுவைக்கு முன் கண்ணை மரக்கச் செய்யும் இந்த ஊசி, பக்கத்தில் நின்று பார்த்தால் சுலபம். ஊசிமுனை உள்ளே எங்கே நிற்கிறது என்று சொல்லத் தெரியாதவர் கையில் சிரிஞ்சைக் கொடுக்கக் கூடாது.

மண்டையோட்டில் பயிற்சி. கண்குழியில் கண்விழிக்குப் பதில் 24 மி.மீ. களிமண் உருண்டையை வையுங்கள். கீழ்விளிம்பை மூன்றாகப் பிரித்தால், வெளிப்பக்க மூன்றிலொரு பங்கு முடியும் இடத்தில் 25 கேஜ் (தடிமன் அளவு), 25 மி.மீ. நீள ஊசியை எலும்புத் தரையை ஒட்டிச் செலுத்தச் சொல்லுங்கள். ஊசியை உள்பக்கமாகச் சாய்த்தால் களிமண்ணில் குத்தும். அந்தத் தப்பை இங்கேயே செய்து பார்க்கட்டும்.

கேஸ் ஷீட். ஆக்சியல் லெங்த் (கண்விழியின் முன்பின் நீளம்) 26 மி.மீ.க்கு மேலா? நீண்ட கண்ணில் பின்சுவர் மெலிந்து புடைத்திருக்கலாம், குத்திவிடும் ஆபத்து அதிகம். அது பயிலுநருக்கான கேஸ் அல்ல. ரத்தம் உறையாமலிருக்க நோயாளி மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் பயிலுநரே கேட்டு எழுதட்டும்.

மருந்து. மரக்கச் செய்யும் மருந்துகளான 2% லிக்னோகெயின், 0.5% புபிவகெயின் சம அளவு. 30 மி.லி. லிக்னோகெயின் குப்பியில் 1500 யூனிட் ஹயலுரோனிடேஸ் (மருந்தைப் பரவச் செய்யும் நொதி) முன்பே கலந்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மருந்து பரவத் தாமதமாகும். ஐ.வி. லைன், ஆக்சிஜன், ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) தயாரான பிறகுதான் ஊசி.

ஊசி. "ஐயா, நேரா கூரையைப் பாருங்க, கண்ணை அசைக்காதீங்க." மேல்நோக்கி, மூக்குப் பக்கமாகப் பார்க்கச் சொல்வது பழைய வழக்கம், அப்போது பார்வை நரம்பு ஊசியின் பாதைக்கு வந்துவிடுவதை 1981இல் வெளியான சி.டி. ஆய்வு காட்டியது. உள்ளே போனபின் ஊசியை ஆட்டிப் பார்க்கக் கூடாது. உறிஞ்சிப் பார்த்து, ரத்தம் வராவிட்டால் 5 முதல் 7 மி.லி. மெதுவாக. தள்ளத் தடை இருந்தாலோ, நோயாளி திடீரென வலியில் துடித்தாலோ உடனே நிறுத்துங்கள்: ஊசி கண்ணுக்குள் இருக்கலாம். இன்னொரு கையின் விரல் கண்ணின் இறுக்கத்தை உணர்ந்தபடியே இருக்கட்டும்.

பிறகு. மூடிய கண்ணை விட்டுவிட்டு மென்மையாக அழுத்துங்கள். தொடர்ந்து அழுத்தினால் விழித்திரைக்கு ரத்தம் போகாது. பத்து நிமிடம் கழித்து நான்கு திசையிலும் அசைவைப் பார்க்க வேண்டும். மீதி அசைவுக்கு இரண்டாம் ஊசியைச் சீனியரே போடட்டும்.

கண் துருத்தி, இமை கல்லாக இறுகினால் பின்னால் ரத்தக்கசிவு: அறுவையைத் தள்ளிவைத்து, அழுத்தம் குறையாவிட்டால் இமைகள் சேரும் வெளிக்கடையோரத்தை வெட்டி விடுவிக்க வேண்டும். அடுத்த இருபது நிமிடம் பயிலுநர் நோயாளியோடு பேசிக்கொண்டே இருக்கட்டும். பேச்சு குழறினாலோ, மறு கண்ணின் பாப்பா விரிந்தாலோ மருந்து மூளைத்தண்டை எட்டியிருக்கிறது. மயக்கவியல் மருத்துவரை அழைத்துக்கொண்டே மூச்சுக்கு ஆம்பு பேக்கைப் பிடிக்க வேண்டும்.