நின்றுபோன பில் பணம் கைக்கு வந்தது

கோவையில் எனக்குச் சின்ன லேத் பட்டறை. பம்ப் ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறோம். ஒரு கம்பெனி 2,40,000 ரூபாயை ஐந்து மாதம் இழுத்தடித்தது. எப்போது போன் செய்தாலும் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார்கள். பசங்களுக்குச் சம்பளம் கொடுக்க வீட்டு நகை அடகுக்குப் போனது. அந்த நாள் இன்னும் வலிக்கிறது.

மாவட்டத் தொழில் மையத்தில் ஓர் அதிகாரிதான் வழி காட்டினார். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் பணம் கொடுக்க 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி! இத்தனை வருடம் தொழில் செய்தும் எனக்கு இது தெரியாது.

இப்படி நிலுவையில் நிற்கும் பணத்துக்காக அரசு வைத்த 'சமாதான்' இணையதளத்தில் புகார் போட, உத்யம் எண் (சிறுதொழில் பதிவு எண்) கேட்டது. நல்லவேளை, முன்பே எடுத்திருந்தேன். (அது இலவசம், காசு கேட்கிற ஏஜெண்டிடம் போகாதீர்கள்.) ஆர்டர் தாள், பில் எல்லாம் ஏற்றினேன். சரி, சரக்கு போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி? ஏழு டெலிவரி சலானில் இரண்டில் அந்தக் கம்பெனியின் சீல் இல்லை. திருப்பிப் பார்த்தால், அவர்கள் கேட்டில் பதிந்த வரவு எண்ணை எங்கள் வண்டிக்காரர் பின்பக்கம் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். அதுதான் காப்பாற்றியது.

புகாரின் பேரில் கம்பெனிக்கு நோட்டீஸ் போன மூன்றாவது வாரம் அசல் முழுவதும் கணக்கில் ஏறியது. வட்டியை நான் வற்புறுத்தவில்லை. அவர்கள் வேலை இன்றும் வருகிறது. அப்புறம், சீல் வாங்காமல் எங்கள் வண்டி இப்போது எந்த கேட்டிலிருந்தும் திரும்புவதில்லை.